அப்போது உன் கை எங்கே இருந்தது

வட இங்கிலாந்தில் எங்கள் ஊரான அல்டர்சைக்கின் சுரங்கத்தில் நிலக்கரிப் படுகை இடுப்பு உயரம்கூட இருக்காது. வெட்டுகிறவர் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். வெட்டி விழுந்த கரியைக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். லூதர் ஆர்மிட்டேஜ் பள்ளியை விட்டதும் அங்கே இறங்கியவர். இருபது வயதாகும்போது அவருடைய வலது கால், மற்றவர்களுக்குக் கை எப்படியோ அப்படி ஆகியிருந்தது. ரக்பி ஆட வேண்டும் என்று அவர் யாரையும் போய்க் கேட்டதில்லை. ஒரு நாள் பப்பில் அவருடைய தொப்பி பெஞ்சுக்கு அடியில் விழுந்துவிட்டது. பேச்சை நிறுத்தாமல், குனிந்தும் பார்க்காமல், காலாலேயே அதை இழுத்து, எற்றிக் கையில் பிடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த பிரிக்ஸ் குவளையைக் கீழே வைத்தார்.

"டேய், அந்தக் கால் இருக்கே, அத சனிக்கிழமை மைதானத்துக்குக் கொண்டா. மிச்ச உடம்பையும் கூட்டிட்டு வந்தா சந்தோஷம்."

பிரிக்ஸுக்குத் தொழில் முடி வெட்டுவது. எங்கள் ஊர் ரக்பி கிளப்பின் செயலாளரும் அவர்தான். சிறிய கிளப் என்பதால் வாசலில் நுழைவுச்சீட்டு கிழிப்பது, ஆட்டக்காரர்களுக்குத் தைலம் தேய்ப்பது, கட்டுப் போடுவது எல்லாமே அவர் பொறுப்பு.

எங்கள் பக்கத்தில் ஆடுவது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி. ஆட்டம் தடைபட்டு மறுபடி தொடங்கும்போது இரண்டு அணியிலும் ஆறு ஆறு பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, தலையோடு தலை முட்டி நிற்பார்கள். இதுதான் ஸ்க்ரம். நடுவில் உருட்டிவிடுகிற பந்தைக் காலால் தன் பக்கம் இழுப்பவர் முன்வரிசையின் நடுவே இருப்பார். அவரைக் கொக்கி என்போம். அவருக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் தூண்கள். கொக்கியின் இரண்டு கைகளும் தூண்களின் தோள்மேல் கிடக்கும். அவர்கள் விட்டால் அவர் முகம் குப்புற விழ வேண்டியதுதான். எதிராளி முட்டினாலும் கடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். திருப்பிக் கொடுப்பது தூண்களின் வேலை.

லூதருடைய தூண் ஆமோஸ் கெர்ஷா. லூதரின் அக்கா பெர்த்தாவைக் கட்டியவர். சுரங்கத்திலும் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். ஆமோஸ் கதவு நிறைய நிற்கிற உடம்புக்காரர். சிரித்தபடியே அடிப்பார், அடித்துவிட்டும் சிரிப்பார்.

லூதர் வீட்டில்தான் பயிற்சி செய்தார். மனைவி வின்னி சமையலறை மேசைக்கு அடியில் முட்டைக்கோஸை உருட்டிவிட வேண்டும். அவர் நாற்காலிகளின் முதுகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு அதைக் காலால் இழுப்பார்.

"சூப்புல மண்ணு வாசனை வந்தா என்னைக் கேக்காதே" என்பாள் வின்னி. "உன் காலைக் கேளு."

சில வருடங்களில் அல்டர்சைக் கொக்கி என்றால் மாவட்டம் முழுக்கத் தெரிந்தது. காது மடல்கள் பிசைந்த மாவு போல வீங்கிப்போயின. முன்பற்களில் இரண்டு எங்கோ ஒரு மைதானத்தில் தங்கிவிட்டன. ஆனால் பந்து வந்தது. பத்து ஸ்க்ரம் நடந்தால் ஏழில் பந்து அவர் பக்கம் வந்தது.

ரக்பி அவருக்கு என்ன கொடுத்தது என்று வெளியாள் கேட்டால் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பகல். குளிர்காலத்தில் சுரங்கக்காரர் இருட்டில் இறங்கி இருட்டில் ஏறுவார். சனிக்கிழமை மட்டும் அரை ஷிஃப்ட். மைதானத்துக்கு வரும்போது வானம் வெளுப்பாக இருக்கும். லூதர் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தி நிற்பார். மழை நாளாக இருந்தாலும் நிற்பார்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை இங்கிலாந்து அணி கப்பலேறி ஆஸ்திரேலியா போகும். போவதற்கு வாரக்கணக்கில், திரும்புவதற்கு வாரக்கணக்கில், கப்பலின் மேல்தளத்தில் வெயில். அங்கே இறங்கினாலும் வெயில். போய்வந்தவர்கள் கரி படிந்த முகம் மாறி, பழுத்த நிறத்தில் திரும்பி வந்து எங்கள் தெருக்களில் நடந்ததை லூதர் பார்த்திருக்கிறார். அந்த ஆண்டு அவருக்கு இருபத்தொன்பது வயது. கொக்கிக்கு அதுதான் நல்ல வயது. தேர்வாளர்கள் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மார்ச் மாதத்தில் தேர்வு ஆட்டம். லூதர் பெயர் அதில் இருக்கும் என்று பிரிக்ஸிடம் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு வேற எதுவும் வேணாம்டா" என்று அவர் ஆமோஸிடம் ஒரு முறை சொன்னார். இருவரும் கரியில் படுத்திருந்தார்கள். "ஜெயிக்கலேன்னாக்கூடப் பரவாயில்ல. ஆறு மாசம் வெளிச்சத்துல இருந்துட்டு வந்தாப் போதும்."

"தோலு உரிஞ்சு வருவே" என்றார் ஆமோஸ். "இவன் என் தம்பியே இல்லைன்னு நம்ம அக்கா கதவச் சாத்திடுவா."

"நம்ம அக்காவா? அவ உன் பொண்டாட்டிடா."

"அதான், பயத்துல எனக்கும் அக்கா மாதிரி ஆயிட்டா."

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஓர் அணி வந்தது. இரண்டு நாள் மழை. எங்கள் மைதானம் ஆற்றை ஒட்டியது. அரை மணி நேரத்தில் யார் எந்த அணி என்பது குரலை வைத்துத்தான் தெரிந்தது. ஜெர்சி, எண், முகம் எல்லாமே ஒரே களிமண். எதிரணிக் கொக்கி மோசமான ஆள். ஒவ்வொரு ஸ்க்ரமிலும் நெற்றியால் முட்டினான்.

"ஆமோஸ், இவன் என் காதக் கடிக்கிறான்டா!"

"நல்லா வெந்திருக்கான்னு கேளு" என்றார் ஆமோஸ், முக்கிக்கொண்டே.

அடுத்த ஸ்க்ரமில் அவன் மறுபடியும் கடித்தான். லூதர் கத்தினார். ஆமோஸின் வெளிப்பக்கத்துக் கை சும்மாதான் இருந்தது. அது கீழிருந்து மேலே வந்தது. எதிராளியின் தாடையில் விழுந்த சத்தம் லூதரின் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஸ்க்ரம் அப்படியே சரிந்தது. கைகள் மாட்டிக்கொண்டிருந்ததால் லூதரால் எங்கும் ஊன்ற முடியவில்லை. நேராக அந்தக் கொக்கியின்மேல் போய் விழுந்தார்.

நடுவர் மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தார். கீழே ஒருவன் தாடையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அவன்மேல் ஒருவர். நடுவர் மேலே இருந்தவரை எழுப்பி நிறுத்தி, வாசலைக் காட்டினார்.

ஆமோஸ் வாயைத் திறந்தார்.

"வாய மூடு" என்றார் லூதர், மெதுவாக.

ஏனென்றால் அந்த ஆட்டப் பருவத்தில் ஆமோஸ் ஏற்கெனவே இரண்டு முறை வெளியேற்றப்பட்டவர். மூன்றாவது முறை என்றால் இந்தப் பருவமும் போகும், அடுத்ததும் போகும். சுரங்கத்தில் அப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. ஆமோஸ் வீட்டில் நான்கு பிள்ளைகள் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கிடைக்கும் காசை நம்பிச் சாப்பிட்டார்கள். இதையெல்லாம் லூதர் அங்கே நின்று யோசித்திருக்க மாட்டார். எங்கள் ஊரில் யோசிக்க வேண்டியதே இல்லை. கூட ஆடுகிறவனை நடுவரிடம் காட்டிக்கொடுப்பது என்பது நடந்ததே கிடையாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தார். வேலியோரம் நின்ற கூட்டத்திலிருந்து ஒருவர், "என்ன லூதர், டீ ஆறிடுமா? சீக்கிரமா போறே!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆட்டம் முடிந்து பெரிய தொட்டியில் எல்லோரும் ஒன்றாகக் குளிக்கும்போது பிரிக்ஸ் வந்து ஓரத்தில் குந்தினார்.

"முதல் தடவைதானே லூதர். இத்தனை வருஷத்துல உன்மேல ஒரு சொல்லு கிடையாது. ரெண்டு சனிக்கிழமை உக்கார வைப்பானுங்க. தேர்வு ஆட்டத்துக்கு முன்னாடியே திரும்பிடுவே."

"ரெண்டு சனிக்கிழமை நான் அவன் வீட்டுக்கு முட்டைக்கோஸ் உருட்டப் போறேன்" என்றார் ஆமோஸ்.

தொட்டி முழுக்கச் சிரிப்பு. லூதரும் சிரித்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதல் குற்றத்துக்கு இரண்டு வாரம் என்பது வழக்கம். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

திங்கட்கிழமை செய்தி வந்தது. அந்தக் கொக்கியின் தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவனுக்கு மூன்று மாதம் கஞ்சிதான். அவர்கள் ஊர்ப் பத்திரிகை கொந்தளித்தது. ஆட்டத்தில் காட்டுமிராண்டித்தனம் பெருகிவிட்டது என்றும், யாரையாவது முன்னுதாரணமாகத் தண்டிக்க வேண்டும் என்றும் எழுதியது.

விசாரணை நகரத்தில் ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் ரக்பி சங்கத்தின் ஒழுங்குக் குழுவினர் மூன்று பேர் தேநீர்க் கோப்பைகளுடன் உட்கார்ந்திருந்தார்கள். லூதர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் நின்றார். பிரிக்ஸ் பக்கத்தில். நடுவர் எழுதிக் கொடுத்ததைத் தலைவர் படித்தார். அல்டர்சைக் அணியின் கொக்கி எதிராளியின்மேல் கிடந்து தாக்கினான் என்றிருந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு காலத்தில் முன்வரிசையில் தூணாக நின்றவர். அவர் கோப்பையை நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"ஆர்மிட்டேஜ், ஸ்க்ரம் விழும்போது உன் கை எங்க இருந்துச்சு?"

அறையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். கொக்கியின் கை எங்கே இருக்கும்? தூண்களின் தோளில். இதைச் சொன்னால் போதும், லூதர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் அடித்த கை யாருடையது? தாடை எந்தப் பக்கம் முறிந்தது என்பது மருத்துவர் சான்றில் இருந்தது. அந்தப் பக்கத்தில் நின்றது ஆமோஸ்.

"ஞாபகம் இல்லைங்க."

"ஒரு கையாவது?"

"ரெண்டுமே ஞாபகம் இல்லைங்க."

"எத்தனை வருஷமா கொக்கியா ஆடறே?"

"ஒன்பது வருஷமாங்க."

"ஒன்பது வருஷமா கைய எங்க வைக்கறதுன்னு தெரிஞ்சுது. அன்னிக்கு மட்டும் மறந்துபோச்சா?"

"மழைங்க."

சாய்ந்த மூக்குக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரிக்ஸைப் பார்த்தார். பிரிக்ஸ் தன் தொப்பியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "நான் கேட்டுட்டேன்" என்றார் மூக்குக்காரர் தலைவரிடம். "இதுக்கு மேல நான் என்ன கேக்க?"

பருவம் முடியும்வரை தடை என்று தலைவர் சொன்னார். பருவம் மே மாதத்தில் முடியும். கப்பல் ஏப்ரலில் புறப்படும். லூதர், "நன்றிங்க" என்றார்.

அன்று சாயங்காலமே பெர்த்தா தம்பி வீட்டுக்கு வந்தாள். இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தாள், ஆனாலும் அந்நியர் வீட்டுக்குப் போவது போலத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள். உட்காரவில்லை.

"ஆமோஸ் நகரத்துக்குப் போய் உண்மையச் சொல்றேன்னு குதிக்கறாரு. போகட்டும்னா சொல்லு லூதர். நான் தடுக்கமாட்டேன்."

லூதர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தடுக்கமாட்டேன்னு சொல்றதுக்கா தொப்பி மாட்டிட்டு வந்தே?" என்றாள் வின்னி. "போகட்டும்னு சொல்ல வந்திருந்தா நான் நாற்காலி போட்டிருப்பேன்."

"நாலு பிள்ளைங்க வின்னி."

"எனக்கு எண்ணத் தெரியும். எனக்குத்தான் பிள்ளையே இல்லையே, வேற எத எண்ணப்போறேன்."

பெர்த்தாவின் முகம் சிவந்தது. அதற்குள் ஆமோஸே கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார், பின்னால் பிரிக்ஸ்.

"நாளைக்கு முதல் ரயிலு" என்றார் ஆமோஸ். "அடிச்சது நானுன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

"சொல்லு" என்றார் பிரிக்ஸ். "உன்னையும் உக்கார வைப்பானுங்க. இவனை விட்டுடுவானுங்கன்னு நினைக்கிறியா? அவனுங்க முன்னாடி நின்னு ஞாபகம் இல்லைன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கான். அது பொய்னு ஆயிடும். ஒருத்தன் போனதுக்கு ரெண்டு பேரும் போவீங்க. அந்தக் குழு கொடுத்த தீர்ப்பத் திருப்பி எடுத்தத நான் பார்த்ததே இல்ல."

ஆமோஸ் லூதரைப் பார்த்தார். "மச்சான், நீ சொல்லு. நீ போன்னா போறேன்."

எல்லோரும் லூதரிடமே வந்து நின்றார்கள். போ என்று சொன்னால் அக்காவின் பிள்ளைகள் வாயில் மண். போகாதே என்று சொன்னால் தானே கதவைச் சாத்திக்கொண்டது போல.

"டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

ஆமோஸ் முதல் ரயிலுக்குப் போகவில்லை.

மார்ச்சில் தேர்வு ஆட்டம் நடந்தது. கொக்கியாக லங்காஷயர்க்காரர் ஒருவர் ஆடினார். ஒரு தூணுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ஆள் தேடினார்கள். பக்கத்தில் கிடைத்த தூண் ஆமோஸ்தான். அன்று அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், அப்படி அவர் முன்பும் ஆடியதில்லை, பின்பும் ஆடியதில்லை என்றார்கள். யார்மீது கோபம் என்று தெரியாமல் மனிதர் எல்லோரையும் முட்டித் தள்ளினார். பத்திரிகையில் பயண அணி வெளியானபோது அதில் ஆமோஸ் கெர்ஷா இருந்தார்.

"நான் போகமாட்டேன்" என்று அவர் கரியில் படுத்துக்கொண்டே சொன்னார்.

"போகாம என்ன பண்ணப்போறே? உன் எடத்துல வேற ஊர்க்காரன் போவான். எனக்கு ஒண்ணும் கிடைக்காது."

"நாலு வருஷம் கழிச்சு நீ போவே மச்சான். நிச்சயம் போவே."

"ஆமா" என்றார் லூதர்.

நான்கு வருடத்தில் ஒரு கொக்கியின் கழுத்து என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். அப்படியே ஆயிற்று. அடுத்த பயணத்தின்போது லூதர் தலையைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. தேர்வாளர்கள் கேட்கக்கூட இல்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஆமோஸை வழியனுப்ப ஊரே ரயில் நிலையத்துக்கு வந்தது. சுரங்கத்தின் பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. பெட்டியைத் தூக்கி வந்தவர் லூதர். ஆமோஸ் ஏறியதும் அதை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். ஆமோஸ் எதையோ சொன்னார். வாத்தியச் சத்தத்தில் கேட்கவில்லை. "என்ன?" என்றார் லூதர். ரயில் நகர்ந்துவிட்டது.

அந்தக் கோடையில் போட்டி முடிவுகள் தந்தியில் வந்து பத்திரிகை அலுவலகத்தின் ஜன்னலில் ஒட்டப்படும். லூதர் ஷிஃப்ட் முடிந்து போய் நிற்பார். அவர் வந்தால் கூட்டம் ஒதுங்கி வழிவிடும், சாவு வீட்டில் நெருங்கிய உறவுக்கு வழிவிடுவது போல. அது அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் போனார். அணி ஜெயித்தபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

இலையுதிர்காலத்தில் ஆமோஸ் திரும்பி வந்தார். கைகளும் கழுத்தும் செம்பு நிறத்தில் இருந்தன. தேவாலயக் கூடத்தில் அவருக்கு வரவேற்பு விருந்து: பன்றி இறைச்சி, ஊறுகாய், கேக். இருநூறு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். லூதரை முன்வரிசையில், வின்னியோடு உட்கார வைத்திருந்தார்கள். பேசச் சொன்னதும் ஆமோஸ் எழுந்தார். தட்டில் இருந்த எதையும் அவர் தொட்டிருக்கவில்லை.

"அங்க எல்லாரும் என்னைக் கேட்டாங்க, உங்க ஊர்க் கொக்கி ஏன் வரலைன்னு. நான் ஒண்ணு சொல்லணும். கப்பல்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன். ஜனவரி மாசம் நம்ம மைதானத்துல அன்னிக்கு..."

தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, எழுந்து நின்று ஒருவர் சொல்லிக் கேட்பது வேறு. எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள். பெர்த்தா மேசைத் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"கங்காரு!" என்றார் பிரிக்ஸ், உரக்க. "கங்காரு பத்திச் சொல்லு ஆமோஸ்!"

"ஆமா, கங்காரு!" என்று பின்னாலிருந்து யாரோ. மேசைகளைத் தட்டினார்கள். "கங்காரு! கங்காரு!"

ஆமோஸ் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கவில்லை. அவர் லூதரைப் பார்த்தார். நீயாவது அவர்களை நிறுத்து என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"சொல்லுடா" என்றார் லூதர். "கங்காரு பத்திச் சொல்லு."

வின்னி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஆமோஸ் கங்காருவைப் பற்றிச் சொன்னார். அது எப்படி உதைக்கும் என்று செய்தும் காட்டினார். கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

விருந்து முடிவதற்குள் அவர் லூதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்புறம், கரி போட்டு வைக்கும் கொட்டகைக்குப் போனார்.

"என்னை அடி."

"பைத்தியமாடா உனக்கு?"

"அடிடா மச்சான். சொல்ல விடமாட்டேங்கறீங்க. எல்லாரும் சேர்ந்துக்கிட்டு விடமாட்டேங்கறீங்க. ஒரு அடியாவது அடி. அப்பத்தான் நான் வீட்டுக்குப் போக முடியும்."

"போதும் வா, கேக் தீர்ந்துடும்."

"வெயிலு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்றார் ஆமோஸ். "தினமும் இருந்துச்சு. தினமும்டா!"

லூதர் அடித்தார். அதுவரை அவர் யாரையும் அடித்ததில்லை. கை எப்படி வைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு வீசினார். அது ஆமோஸின் தோள் எலும்பில் பட்டது. ஆமோஸ் அசையக்கூட இல்லை. லூதர்தான் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"வலிக்குதா?" என்றார் ஆமோஸ்.

"வலிக்குது."

ஆமோஸ் அழுதார். லூதருக்கு ஒரு கைதான் உதவியது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

மறுநாள் காலையில் அவர் பிரிக்ஸின் கடைக்குப் போனார். கட்டைவிரல் கத்திரிக்காய் போல வீங்கியிருந்தது.

"என்னடா இது?"

"கரி விழுந்துச்சு."

பிரிக்ஸ் விரலைத் திருப்பிப் பார்த்தார். லூதர் பல்லைக் கடித்தார்.

"கரி விழுந்தா நசுங்கும். இது கட்டைவிரல உள்ள மடக்கி வச்சுக் குத்தின குத்து. சின்னப் பசங்ககூட இப்படிக் குத்தமாட்டானுங்க." பிரிக்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தன அடிக்கக்கூடத் தெரியாத ஆளுடா நீ! உன்னையப் போயி..."

சிரிப்பு பாதியில் நின்றது. கடையில் வேறு யாரும் இல்லை. பிரிக்ஸ் குனிந்து துணியைச் சுற்றத் தொடங்கினார். சுற்றி முடித்தும் மறுபடி அவிழ்த்துச் சுற்றினார்.

"மூணு வாரம் ஆடக்கூடாது" என்றார் கடைசியில், விரலிடம் பேசுவது போல. "இறுக்கமா இருக்கா?"

"இருக்கட்டும்" என்றார் லூதர்.